மின்சுற்றுக்கு ஓர் ஒத்திகை

உங்கள் ஊர் ரேடியோ உதிரிபாகக் கடையில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் 10 கிலோஓம் மின்தடை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்தேக்கி 16 வோல்ட்டாவது தாங்கக்கூடியதாக இருக்கட்டும். அவற்றுடன் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வேண்டும். பேட்டரியின் நேர்முனையை மின்தடையின் ஒரு முனையோடு சேர்த்து, மறுமுனையை மின்தேக்கியின் நேர்முனையோடு இணைத்து, மின்தேக்கியின் எதிர்முனையைப் பேட்டரிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். மின்தேக்கியின் உடலில் கழித்தல் குறி இருக்கும் பக்கம்தான் எதிர்முனை. இதை மாற்றி இணைத்தால் மின்தேக்கி சூடாகி வெடிக்கவும் கூடும், கவனம் தேவை.

இப்போது மின்தேக்கியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். முள் சட்டென்று 9 வோல்ட்டுக்குத் தாவாது; மெல்ல மெல்ல ஏறும். கேள்வி இதுதான்: இணைத்த 10-வது விநாடியில் மின்தேக்கியில் எத்தனை வோல்ட் இருக்கும்?

செய்து பார்த்துச் சொல்லலாம். சூத்திரம் தெரிந்தவர்கள் கணக்கிட்டும் சொல்லலாம். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. சுற்றின் விவரத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, "இதை ஓட்டிப் பார்த்துச் சொல்" என்று கேட்பது. அரங்கேற்றத்துக்கு முன் நாடகக்காரர்கள் ஒத்திகை பார்ப்பதில்லையா, அதைப் போன்றது இது. பொறியியலில் இதைச் சிமுலேஷன் என்கிறார்கள்.

ஒரு மின்தடைக்கும் ஒரு மின்தேக்கிக்கும் ஒத்திகை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே சிலிக்கன் சில்லில் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களைப் பதிக்கும் ஐ.சி. என்னும் ஒருங்கிணைந்த சுற்றுகள் வந்தபோது, செய்து பார்க்கும் வழி அடைபட்டுப்போயிற்று. சில்லைச் செய்துமுடித்த பிறகு அதற்குள் ஒரு மின்தடையைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. தவறு தெரிந்தால் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் காலமும் ஏராளமான பணமும் ஆகும். தனித்தனி டிரான்சிஸ்டர்களைப் பலகையில் இணைத்துப் பார்த்தாலும், சில்லுக்குள் அவை நடந்துகொள்ளும் விதம் அதில் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே ஒத்திகை இல்லாமல் வேலை நடக்காது என்ற நிலை ஏற்பட்டது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ரொனால்ட் ரோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்களைக் கொண்டு இதற்கு ஒரு புரோகிராம் எழுதச் செய்தார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கேன்சர்". மின்சுற்றுகளைக் கணக்கிடும் புரோகிராம், கதிர்வீச்சு நீங்கலாக, என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய பெயர் அது. அந்நாளில் இத்தகைய புரோகிராம்கள் பெரும்பாலும் ராணுவத்தின் பணத்தில், அணுக்கதிர்வீச்சில் சுற்றுகள் தாங்குமா என்று பார்க்கவே எழுதப்பட்டன. "எங்களுடையது அந்த வகையல்ல" என்பதை மாணவர்கள் பெயரிலேயே குத்திக்காட்டிவிட்டார்கள்! அந்த மாணவர்களுள் ஒருவரான லாரன்ஸ் நேகல், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் அதைத் திருத்தி எழுதினார். 1973 ஏப்ரலில் கனடாவிலுள்ள வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் "ஸ்பைஸ்" என்ற புதிய பெயரோடு அது வெளிவந்தது. இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் தனியுரிமை கிடையாது என்பதில் பெடர்சன் உறுதியாக இருந்தார். அதனாலேயே ஸ்பைஸ் உலகெங்கும் பரவியது. அதன் வழிவந்த "என்ஜிஸ்பைஸ்" என்னும் புரோகிராமை இன்றும் காசில்லாமல் பெற்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம்.

நம் சுற்றை ஸ்பைஸுக்கு எப்படிச் சொல்வது? கீழே பாருங்கள். இங்கே அச்சிடுவதற்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்துகளைத் தட்டவேண்டும்.

மின்தேக்கி மின்னேற்றம்
வி1 1 0 9
ஆர்1 1 2 10கே
சி1 2 0 1000யு ஐசி=0
.டிரான் 1 50 யுஐசி
.பிரிண்ட் டிரான் வி(2)
.எண்ட்

சுற்றில் கம்பிகள் கூடும் இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறோம். பேட்டரியின் எதிர்முனை 0; நேர்முனை 1; மின்தடையும் மின்தேக்கியும் சேரும் இடம் 2. இரண்டாம் வரி, "1-க்கும் 0-க்கும் நடுவே 9 வோல்ட் பேட்டரி" என்கிறது. அடுத்த இரண்டு வரிகளை நீங்களே படித்துவிடலாம். புள்ளியில் தொடங்கும் வரிகள் உறுப்புகள் அல்ல, கட்டளைகள். டிரான் என்றால், நேரம் செல்லச் செல்ல என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லும் கட்டளை: 1 விநாடிக்கு ஒருமுறை விடை கொடு, 50 விநாடியில் நிறுத்து. ஸ்பைஸ் பிறந்த நாளில் ஒவ்வொரு வரியும் துளையிட்ட ஓர் அட்டை. அதனால்தான் பழைய கையேடுகள் ".டிரான் அட்டை", ".எண்ட் அட்டை" என்றே எழுதும்.

அட்டைக்காலத்து வழக்கங்கள் சில இன்னும் மாறவில்லை. புதியவர்களைப் படாதபாடு படுத்துபவையும் அவையே. முதல் வரி எப்போதும் தலைப்பு. அதில் என்ன எழுதியிருந்தாலும் ஸ்பைஸ் அதைச் சுற்றின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. நான் முதன்முதலில் எழுதியபோது, தலைப்பு எதற்கு என்று விட்டுவிட்டுப் பேட்டரி வரியையே முதலில் எழுதினேன். பேட்டரி தலைப்பாகிவிட்டது! விடை வரிசை முழுவதும் சுழி. ஒரு மாலைப்பொழுது முழுவதும் மற்ற வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது எம் என்ற எழுத்து. இயற்பியல் வகுப்பில் பெரிய எம் மெகா, சிறிய எம் மில்லி என்று படித்திருப்பீர்கள். ஸ்பைஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. எப்படி எழுதினாலும் அதற்கு எம் என்றால் மில்லிதான். மெகா வேண்டுமானால் "மெக்" என்று மூன்றெழுத்து எழுதவேண்டும். 1 மெகாஓம் என்று எண்ணி 1எம் என எழுதுபவர் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றில் வைத்துவிடுகிறார். நூறு கோடி மடங்கு பிழை. எஃப் என்ற எழுத்து இன்னும் மோசம். ஃபாரட் என்று நினைத்து 1எஃப் என்று எழுதினால், ஸ்பைஸ் அதை ஃபெம்டோ என்று கொள்ளும். அது 1-ஐ 1-க்குப் பின் 15 சுழிகள் கொண்ட எண்ணால் வகுத்த அளவு. இவற்றுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பிழை என்று கத்தாது. கேட்ட சுற்றுக்குக் கணக்குப் போட்டு அமைதியாக விடையைக் கொடுத்துவிடும்.

டிரான் வரியின் கடைசியில் யுஐசி என்று இருக்கிறதே, அதை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். 0-வது விநாடியிலிருந்து 50-வது விநாடி வரை 9 வோல்ட்! மின்தேக்கி ஏறவே இல்லை. என்ன ஆயிற்று? ஸ்பைஸ் நேரத்தை ஓடவிடுமுன், சுற்று அசையாமல் நிற்கும் நிலையை முதலில் கண்டுபிடிக்கும். பேட்டரி ஆதிகாலத்திலிருந்தே இணைக்கப்பட்டிருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் மின்தேக்கி என்றைக்கோ நிறைந்திருக்கும் அல்லவா? "நான் சொல்லும் தொடக்க நிலையிலிருந்து தொடங்கு" என்பதே யுஐசியின் பொருள். அந்தத் தொடக்க நிலையைத்தான் மின்தேக்கி வரியில் ஐசி=0 என்று கொடுத்தோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் உள்ளே என்ன செய்கிறது? இதைப் பென்சிலும் காகிதமும் கொண்டு நீங்களே செய்துவிடலாம்.

தொடக்கத்தில் மின்தேக்கியில் 0 வோல்ட். மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 9 வோல்ட். ஆகவே மின்னோட்டம் 9-ஐ 10,000-ஆல் வகுத்தால் வருவது, 0.9 மில்லி ஆம்பியர். இதே மின்னோட்டம் அடுத்த 2 விநாடிக்கும் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேரும் மின்னூட்டம் 1.8 மில்லி கூலம். அதை 1000 மைக்ரோஃபாரடால் வகுத்தால் 1.8 வோல்ட். ஆக 2-வது விநாடியில் மின்தேக்கியில் 1.8 வோல்ட். இப்போது மின்தடையில் எஞ்சியது 7.2 வோல்ட். மறுபடியும் அதே கணக்கு. 3.24, 4.39, 5.31 என்று ஏறி, 10-வது விநாடியில் 6.05 வோல்ட் வருகிறது.

சூத்திரத்தின்படி சரியான விடை 5.69 வோல்ட். நமக்குக் கிடைத்தது அதிகம். காரணம் வெளிப்படை. 2 விநாடி முழுவதும் மின்னோட்டம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அது ஒவ்வொரு கணமும் குறைந்துகொண்டே வருகிறது. படியைச் சிறிதாக்கினால் பிழை குறையும். 1 விநாடிப் படியில் 5.86 வரும். பத்தில் ஒரு விநாடிப் படியில், 100 தடவை கணக்குப் போட்டால் 5.71.

படியைப் பெரிதாக்கினால்? 5 விநாடிப் படியில் 6.75 வோல்ட். 10 விநாடியில் ஒரே தாவலாக 9. இதுவரை தவறு என்றாலும் நம்பத்தகுந்த தவறு. 20 விநாடிப் படி வைத்துப் பாருங்கள். முதல் படியில் 18 வோல்ட், அடுத்ததில் 0, பிறகு 18, மறுபடி 0. 25 விநாடிப் படியில் 22.5, பிறகு கழித்தல் 11.25, பிறகு 39.375 என்று கணக்கு வெறிபிடித்து ஓடும். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 39 வோல்ட்! எங்கும் கூட்டல் பிழை இல்லை, பெருக்கல் பிழை இல்லை. ஒவ்வொரு வரியும் சரி. விடை மட்டும் அபத்தம்.

இதே 2 விநாடிப் படியில் இன்னொரு முறையையும் செய்யலாம். படியின் தொடக்கத்திலுள்ள மின்னோட்டத்தை மட்டும் கொள்ளாமல், தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள மின்னோட்டங்களின் சராசரியைக் கொள்வது. முடிவில் என்ன மின்னோட்டம் என்று முன்னதாகத் தெரியாதே? அதைத் தெரியாத எண்ணாக வைத்து ஒரு சமன்பாடு எழுதித் தீர்க்கவேண்டும். நம் சுற்றுக்கு அது எளிது. பழைய மின்னழுத்தத்தை 0.9-ஆல் பெருக்கி, 1.8-ஐக் கூட்டி, 1.1-ஆல் வகுத்தால் புதிய மின்னழுத்தம் கிடைக்கும். செய்து பாருங்கள்: 1.64, 2.98, 4.07, 4.97, 5.70. அதே ஐந்து படிகள்தாம். ஆனால் பிழை 0.36 வோல்ட்டிலிருந்து 0.01 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது! இதற்குச் சரிவக முறை என்று பெயர். ஸ்பைஸ் வேறெதுவும் சொல்லாவிட்டால் இதைத்தான் கையாளும். இந்த முறையில் 25 விநாடிப் படி வைத்தாலும் கணக்கு வெறிபிடிக்காது. ஆனால் 10.0, 8.89, 9.01 என்று 9-ஐச் சுற்றி ஆடும். சுற்றில் இல்லாத ஆட்டம் அது, கணக்கில் பிறந்தது. அதை அடக்க வேண்டுமானால் ".ஆப்ஷன்ஸ் மெத்தட்=கியர்" என்று எழுதி முறையையே மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பைஸ் நம்மைப்போல் ஒரே படியைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. மின்னழுத்தம் விரைந்து மாறும் இடத்தில் படியைச் சிறிதாக்கும். சாந்தமான இடத்தில் பெரிதாக்கும். டிரான் வரியில் நாம் கொடுத்த 1 விநாடி, பழைய கையேட்டின்படி விடையை அச்சிடும் இடைவெளி; கணக்கிடும் படி அல்ல. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். 50 சுழற்சி கொண்ட வீட்டு மின்சாரத்தை 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அச்சிடச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடம்தான் அச்சாகும். அலை சுழியில் தொடங்கியிருந்தால் பட்டியல் முழுக்கச் சுழி. மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடிக்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பவருக்கு அது சுற்றவே இல்லை என்று தோன்றும் அல்லவா?

".ஆப்ஷன்ஸ்" என்ற கட்டளையை மேலே பார்த்தோம். ஒரு சுற்றை எவ்வளவு கவனமாகக் கணக்கிடவேண்டும் என்று சொல்லும் கட்டளை அது. அதில் வரும் எண்களுள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது "ரெல்டால்". டயோடு, டிரான்சிஸ்டர் போன்றவை ஓம் விதிக்குக் கட்டுப்படாதவை. அவை உள்ள சுற்றின் சமன்பாடுகளை ஒரே முயற்சியில் தீர்க்க முடியாது. ஊகித்து, திருத்தி, மறுபடி திருத்திப் போகவேண்டும். 10-இன் வர்க்கமூலத்தை இப்படிக் காணலாம். 3 என்று ஊகியுங்கள். 10-ஐ 3-ஆல் வகுத்தால் 3.3333, இரண்டின் சராசரி 3.1667. அடுத்த சுற்றில் 3.16228, அதற்கடுத்தும் அதே 3.16228. எங்கே நிறுத்துவது? அடுத்தடுத்த இரண்டு விடைகளின் வேறுபாடு விடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டால் போதும் என்பது ஸ்பைஸின் வழக்கம். ரெல்டால்=0.001 என்பதன் பொருள் அதுதான்.

விடை சுழிக்கு மிக அருகில் இருந்தால்? சுழியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் சுழிதானே! அப்படியே விட்டால் கம்ப்யூட்டர் ஓயாது. அதற்காக "ஆப்ஸ்டால்" என்ற இன்னொரு எண் உண்டு. 1 பிக்கோ ஆம்பியருக்குக் கீழுள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்கிறது. மின்னழுத்தத்துக்கு அதே வேலையைச் செய்வது "விஎன்டால்", 1 மைக்ரோ வோல்ட். எத்தனை முறை ஊகித்துப் பார்ப்பது என்பதற்கும் வரம்பு இருக்கிறது. அசையா நிலையைக் காண 100 முயற்சிகள். அதற்குப் பெயர் "ஐடிஎல்1". நேரப் படி ஒவ்வொன்றுக்கும் 10, அது "ஐடிஎல்4".

வரம்புக்குள் விடை பிடிபடாவிட்டால், "விடை நிலைகொள்ளவில்லை" என்று ஸ்பைஸ் கைவிரித்துவிடும். அப்போது பலர் செய்யும் காரியம் ரெல்டாலைத் தளர்த்துவது. 0.001-ஐ 0.1 ஆக்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் மறைந்துவிடும். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு வீடு சுத்தமாயிற்று என்பது போன்றதுதான் இது. விடை நிலைகொள்ளாததற்குப் பெரும்பாலும் காரணம் சுற்றை எழுதியதில்தான் இருக்கும்: மில்லியும் மெகாவும் இடம் மாறியிருக்கும், அல்லது எங்கும் இணையாமல் ஒரு சந்திப்பு தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தத் தளர்ச்சிக்கு என்ன விலை? நம் சுற்றைக் கடிகாரமாகப் பயன்படுத்த விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 10-வது விநாடியில் 6 வோல்ட் வந்து மணி அடிக்கவேண்டும். மின்தடை எவ்வளவு இருக்கவேண்டும்? ஒத்திகைப் புரோகிராமைப் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் மின்தடையைச் சற்றே மாற்றி, உகந்ததைத் தானாகத் தேடச் செய்யலாம். பெரிய சில்லுகளைச் செய்பவர்கள் இப்படித்தான் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சரியான விடை 9.1 கிலோஓம், கடையில் கிடைக்கும் மதிப்பும்கூட. ஆனால் ஒத்திகை நடப்பது நாம் முதலில் போட்ட 2 விநாடிப் படிக் கணக்கில் என்றால், தேடும் புரோகிராம் 10.14 கிலோஓம் என்று சொல்லும். அது சொல்வதில் தயக்கம் ஏதும் இருக்காது. அந்தக் கணக்கில் அதுதான் உகந்த மதிப்பு. அதை நம்பிச் சுற்றைச் செய்தால் 10-வது விநாடியில் இருப்பது 5.64 வோல்ட். மணி அடிக்காது. தேடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அளவுகோல் கோணலாக இருந்தால் என்ன செய்வது?

ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரு வேலை செய்வார்கள். விடை வந்ததும், ரெல்டாலைப் பத்தில் ஒரு பங்காக்கி, டிரான் வரியில் கணக்கிடும் படிக்கும் ஒரு மேல்வரம்பு வைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். விடை அசையாவிட்டால் கணக்கை நம்பலாம். அசைந்தால் முதல் விடையை மறந்துவிட வேண்டியதுதான்.

கணக்கை நம்பலாம் என்றுதான் சொன்னேன். சுற்றை நம்பலாம் என்று சொல்லவில்லை. 1000 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட மின்தேக்கி உண்மையில் 800-லிருந்து 1200 வரை எதுவாகவும் இருக்கலாம். இவ்வகை மின்தேக்கிகளுக்கு இருபது சதவீத வேறுபாடு சாதாரணம். ரெல்டாலை எவ்வளவு இறுக்கினாலும் இது மாறாது. இன்னொன்றும் உண்டு. அளக்கும் மீட்டரும் சுற்றின் ஓர் உறுப்பே. வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள முள் மீட்டரை 10 வோல்ட் வரம்பில் வைத்தால், மின்தேக்கிக்கு இணையாக 200 கிலோஓம் மின்தடையை மாட்டியது போலாகும். நாம் சொல்லாதவரை ஸ்பைஸுக்கு அது தெரியாது. "ஆர்2 2 0 200கே" என்று ஒரு வரி சேர்த்து ஓட்டுங்கள். 10-வது விநாடியில் 5.69 வராது, 5.57 வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முள் 8.57 வோல்ட்டைத் தாண்டாது. பேட்டரி பழசாகிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்!

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. 10 கிலோஓம் மின்தடையோடு இரண்டு 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் சேருங்கள். முதலில் காகிதத்தில் 1 விநாடிப் படியில் 10-வது விநாடி மின்னழுத்தத்தைக் கணக்கிடுங்கள். பிறகு சுற்றை ஸ்பைஸில் எழுதி, யுஐசி இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மின்தேக்கிகளுக்கும் நடுவே உள்ள சந்திப்பைப் பற்றிப் பழைய ஸ்பைஸ் புகார் செய்து நின்றுவிடும். அசையா நிலையில் அந்தச் சந்திப்பின் மின்னழுத்தம் இன்னது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று யோசியுங்கள். அது ஏன் நின்றது என்பதும் புரிந்துவிடும்.